கோபத்தோடு கோயிலுக்குப் போகலாமா?

பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். கஜா புயலில் அவர்கள் தென்னந்தோப்பு முழுவதும் சாய்ந்துவிட்டது. கடன் வாங்கிப் புதிதாகக் கன்று வைத்தார்கள்; அது இப்போதுதான் பாளை விடத் தொடங்கியிருக்கிறது. அதற்குள் அப்பா நோயில் விழுந்து இறந்துவிட்டார். மருத்துவச் செலவும் பழைய கடனோடு சேர்ந்துகொண்டது. "வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். சந்நிதியில் நின்றால் கும்பிடத் தோன்றவில்லை, சண்டை போடத்தான் தோன்றுகிறது. இது பாவமா? நம்பி வந்தவரைக் கடவுள் காப்பார் என்கிறார்களே, அதற்கு என்ன பொருள்? பரிகாரம் செய்யச் சொல்லி ஒருவர் பெரிய தொகை கேட்கிறார், செய்யலாமா? இரவில் தூக்கமும் வருவதில்லை" என்கிறார்.

தம்பி, பாவமா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாவம் இல்லை. நீங்கள் மனத்துக்குள் போடும் சண்டையை வாய்விட்டே போட்டவர் ஒருவர் இதே டெல்டாவில் இருந்தார். அவர் போட்ட சண்டை ஏழாம் திருமுறையில் 95ஆவது பதிகமாக இருக்கிறது.

அவர்தான் தேவாரம் பாடிய சுந்தரர். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்தார். ஆனால் வசந்த காலம் வந்ததும் திருவாரூர் நினைவு அவரை வாட்டியது. சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்களும் போயின. பார்வையில்லாமல் நடந்து திருவெண்பாக்கத்துக்கு வந்து, கோயிலுக்குள் இருக்கிறீரா என்று இறைவனைக் கேட்டார். "உளோம் போகீர்" என்று பதில் வந்தது. இருக்கிறோம், நீர் போகலாம் என்று சொல்லி, கையில் ஓர் ஊன்றுகோலை மட்டும் கொடுத்தார் இறைவன். கண் வரவில்லை. பிறகு காஞ்சிபுரத்தில் இடக்கண் கிடைத்தது. வரும் வழியில் உடம்பில் ஒரு நோய் வேறு இருந்தது. அது நம் குத்தாலத்தில், அன்றைய திருத்துருத்தியில், குளத்தில் மூழ்கித் தீர்ந்தது. ஒரு கண்ணோடு திருவாரூர் வந்து சேர்ந்தவர், கருவறையான மூலட்டானத்து இறைவன் முன்னால் நின்று பாடியதுதான் அந்தப் பதிகம்.

அதன் முதல் பாட்டைப் பாருங்கள்:

மீளா அடிமை உமக்கே ஆளாய்ப் பிறரை வேண்டாதே
மூளாத் தீப்போல் உள்ளே கனன்று முகத்தால் மிகவாடி
ஆளாய் இருக்கும் அடியார் தங்கள் அல்லல் சொன்னக்கால்
வாளாங் கிருப்பீர் திருவா ரூரீர் வாழ்ந்து போதீரே

உமக்கே அடிமையாகி, வேறு யாரிடமும் போகாமல், கொழுந்துவிட்டு எரியாத நெருப்பைப் போல உள்ளுக்குள்ளேயே கனன்று, முகம் வாடிப்போய் நிற்கும் அடியார்கள் தங்கள் துன்பத்தைச் சொன்னால், நீர் பேசாமல் இருப்பீர். சரி, நீரே நன்றாக வாழ்ந்து போம் என்கிறார். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது இந்த இரண்டாவது வரிதான். வெள்ளிக்கிழமை தவறாமல் போய்ப் பேச்சில்லாமல் திரும்பி வருகிறீர்களே, அந்த நிலையை இதைவிடச் சரியாக யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த பாட்டில் இன்னும் ஒருபடி மேலே போகிறார். "விற்றுக் கொள்வீர் ஒற்றி அல்லேன் விரும்பி ஆட்பட்டேன்" என்கிறார். வேண்டுமானால் என்னை விற்றுக்கொள்ளும். நான் உம்மிடம் ஒற்றிக்கு வந்தவன் அல்லன், விரும்பி ஆளானவன் என்று அர்த்தம். நிலத்தை ஒற்றி வைப்பது என்னவென்று கடைமடை விவசாயிக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு தவறும் செய்யாத என்னைக் குருடாக்கினீர், பழி உமக்குத்தான் என்று தொடர்கிறார். அவர் சத்தியத்தை மீறியவர்தான். நியாயப்படி பார்த்தால் தவறு அவர் பக்கம் இருக்கிறது. அப்படியிருந்தும் திருவாரூர் இறைவன் அவரை வெளியே போ என்று சொல்லவில்லை. மற்றொரு கண்ணையும் கொடுத்தான் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு.

பதிகங்களின் கடைசிப் பாட்டில், இதைப் பாடுகிறவர்களுக்கு இன்ன பலன் கிடைக்கும் என்று சொல்லி முடிப்பது வழக்கம். இந்தப் பதிகத்தில் அதுவும் இல்லை. உலகமெல்லாம் அறிய என் கண்ணை எடுத்துக்கொண்டீர், பழி உமக்கே, வாழ்ந்து போதீரே என்று கடைசி வரி வரை கோபத்தோடுதான் நிற்கிறது. இதைத் தொகுத்தவர்கள் ஒரு சமாதான வரியைச் சேர்த்து மெருகிட நினைக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட ராஜராஜன் 48 பேரையும் அவர்களுக்கு வாத்தியம் வாசிக்க 2 பேரையும் நியமித்து, தினப்படி நெல் அளக்கச் சொன்னதைக் கல்வெட்டு சொல்கிறது. அவ்வளவு மதிப்போடு காப்பாற்றப்பட்ட பாட்டுகளுக்கு நடுவே ஒருவருடைய சண்டையும் அப்படியே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன்: அடைக்கலம் புகுந்தவன் வாயடைத்து நிற்க வேண்டும் என்று நம் மரபு ஒருநாளும் சொன்னதில்லை.

கிறித்தவ அன்பர்கள் படிக்கும் சங்கீதப் புத்தகத்திலும் இதே போக்கைக் காணலாம். "தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும், ஆபத்துக்காலத்தில் அநுகூலமான துணையுமானவர்" என்ற 46ஆம் சங்கீதம் பல வீடுகளில் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று முறையிடும் 13ஆம் சங்கீதத்தை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. ஆனால் இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன.

இனி உங்கள் கடினமான கேள்விக்கு வருகிறேன். நம்பி வந்தவரைக் காப்பார் என்றால் என்ன?

இந்தக் கேள்வியை நாகப்பட்டினம் கடற்கரையைத் தவிர்த்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்கு எங்கெங்கிருந்தோ வந்த யாத்திரிகர்கள் கடற்கரையில் இருந்தார்கள். புயலில் சிக்கிக் கரை சேர்ந்த போர்த்துகீசிய மாலுமிகள் நன்றிக் கடனாக மாதாவுக்குக் கோயில் எழுப்பினார்கள் என்பது அந்தத் தலத்தின் வரலாறு. கடலிலிருந்து காத்தவள் என்று நம்பி வந்த மக்களைத்தான் அன்று கடல் கொண்டுபோனது. தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்கள் போனது நாகப்பட்டினம் மாவட்டத்தில். 6,000 பேருக்கு மேல். பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை என்பதைப் பலர் அதிசயமாகச் சொல்கிறார்கள். உள்ளே இருந்து பிழைத்தவர்கள் அதற்கு நன்றி சொல்வது நியாயம். ஆனால் கடற்கரையில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் முன்னால் நின்று அதையே அதிசயம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவளும் நம்பித்தான் வந்தாள்.

ஆகவே, கும்பிட்டால் துன்பம் வராது என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பக்தியை நன்கு அறிந்தவர்கள் அப்படிச் சொன்னதில்லை. கும்பகோணம் சாரங்கபாணி கோயிலில் பள்ளிகொண்டிருக்கும் ஆராவமுதனிடம் நம்மாழ்வார் பேசிய ஒரு வரி இருக்கிறது:

களைவாய் துன்பம் களையா தொழிவாய் களைகண் மற்றிலேன்

என் துன்பத்தை நீக்கு, அல்லது நீக்காமல் போ. எனக்கு வேறு பற்றுக்கோடு இல்லை. எத்தனையோ பேர் இந்த வரியை வெறும் பணிவாகப் படித்துக் கடந்துபோகிறார்கள். எனக்கு இதில் பெரிய துணிவு தெரிகிறது. நீ நீக்காமலும் இருக்கலாம் என்பதைக் கண்ணுக்கு நேராகச் சொல்லிவிடுகிறார். அதைச் சொன்ன பிறகும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அதே பாசுரத்தில் அடுத்து அவர் கேட்பது ஒன்றுதான்: உடம்பு தளர்ந்து உயிர் சரிந்து போகும் நேரத்தில், உன் கால்களை விடாமல் பிடித்துக்கொண்டு போக நீ சம்மதிக்க வேண்டும். அப்பாவின் கடைசி நாட்களில் நீங்கள் அருகில் இருந்திருப்பீர்கள். இந்த வேண்டுதலின் கனம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

காப்பு என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். தோப்பு சாயாது, நோய் வராது என்ற வாக்குறுதி எங்கும் எழுதப்படவில்லை. சாய்ந்த பிறகும், வந்த பிறகும், போய் நின்று உண்மையைச் சொல்ல ஓர் இடம் உண்டு. அங்கிருந்து யாரும் உங்களைத் துரத்த மாட்டார்கள். சுந்தரருக்கு முதலில் கிடைத்தது கண் அல்ல, ஊன்றுகோல் என்பதை மறக்க வேண்டாம். அந்தக் கோலை ஊன்றித்தான் அவர் காஞ்சி வரை நடந்தார்.

திருவீழிமிழலைக் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்தான். சம்பந்தரும் அப்பரும் அங்கே தங்கியிருந்தபோது மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. அடியார்கள் பசியால் வாடினார்கள். இறைவன் பலிபீடத்தில் தினமும் ஆளுக்கொரு காசு வைத்தான். அதை மாற்றி அரிசி வாங்கி இருவரும் மடங்களில் சோறு போட்டார்கள் என்பது வரலாறு. சம்பந்தர் மடத்தில் மட்டும் சாப்பாடு தாமதமாகிக்கொண்டே வந்தது. விசாரித்தார். அப்பருக்குக் கிடைக்கும் காசு நல்ல காசு, கடையில் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். உங்களுக்குக் கிடைப்பதற்கு வட்டம், அதாவது கழிவு, பிடிக்கிறார்கள், அதனால்தான் தாமதம் என்றார்கள். ஏன் இந்த வேறுபாடு? அப்பர் கையில் உழவாரம் பிடித்துக் கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கி உடலால் உழைக்கிறார், அதனால் அவருக்கு முழுக் காசு.

உடனே சம்பந்தர் பாடினார்: "வாசி தீரவே, காசு நல்குவீர்". காசில் இருக்கும் குறையை நீக்கிக் கொடும் என்று கேட்கிறார். மோட்சம் கேட்கவில்லை, ஞானம் கேட்கவில்லை. கடைக்காரர் பிடிக்கும் வட்டத்தைப் பற்றிக் கடவுளிடம் முறையிடுகிறார், அதுவும் தேவாரமாக இருக்கிறது. நீங்கள் கடனையும் வட்டியையும் சந்நிதியில் நினைப்பது அற்பம் என்று கருதி வெட்கப்பட்டால், இந்தப் பதிகத்தை எடுத்துப் பாருங்கள்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. அந்தக் காசு இருவருடைய பசிக்கும் மட்டும் வரவில்லை. ஊர்ப் பசிக்காக வந்தது. பஞ்சக் காலத்தில் அடைக்கலம் என்பது எல்லாருக்கும் உலை வைக்கும் மடமாக இருந்தது. 1876 தொடங்கி வந்த பெரும் பஞ்சத்தில் மாயூரம் வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார். அவர் கிறித்தவர், சர்வ சமய சமரசக் கீர்த்தனை பாடியவர். அவருடைய கொடையைப் பாராட்டிப் பாட்டுக் கட்டியவர் நந்தனார் சரித்திரம் எழுதிய கோபாலகிருஷ்ண பாரதியார். கஜா அடித்த வாரத்தில் உங்கள் ஊரிலும் மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ பொதுவில் சமைத்திருப்பார்கள். அந்தச் சோற்றைக் கடவுளின் கணக்கில் நான் எழுதுகிறேன். உதவி வந்த வழி மனிதர்கள் என்பதால் அது கடவுளின் உதவி இல்லை என்று ஆகிவிடாது.

வலங்கைமான் மாரியம்மன் கோயில் பாடைக் காவடி பார்த்திருக்கிறீர்களா? உயிருக்கு ஆபத்தான நோயிலிருந்து பிழைத்தவர்கள் பங்குனியில் பாடையில் படுத்து வேண்டுதல் நிறைவேற்றுவார்கள். படுத்திருப்பவர் பிணம்போல அசையாமல் கிடக்க, உறவினர்கள் தோள் கொடுத்துத் தூக்கி வருவார்கள். அந்தத் தோள்கள் இல்லாமல் அந்த வேண்டுதல் முடியாது.

உங்களுக்கு இப்போது கும்பிட வார்த்தை வரவில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. திருமருகலில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். மணந்துகொள்ள அவளை அழைத்து வந்தவனைப் பாம்பு கடித்துவிட்டது. ஊரில் அவளுக்கு யாரையும் தெரியாது. அப்போது அங்கே வந்த சம்பந்தர் தம் வேண்டுதல் என்று ஒன்றைப் பாடவில்லை. "சடையாய் எனுமால் சரண்நீ எனுமால்" என்று தொடங்குகிறார். சடையை உடையவனே என்கிறாள், நீயே சரண் என்கிறாள், பயந்து விழுகிறாள். மருகல் பெருமானே, இவள் இப்படி மெலிவது உனக்குத் தகுமா? அவள் அழுததை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் இறைவன் முன் வைத்து, நியாயமா என்று கேட்கிறார். அந்த ஆண் எழுந்தான் என்கிறது புராணம். உங்களுக்காகவும் யாராவது கேட்கலாம். அம்மா கேட்கலாம், மனைவி கேட்கலாம். இதுவரை நீங்கள் கும்பிட்ட கும்பிடும் வீணாகிவிடவில்லை. பெரியாழ்வார் அரங்கனிடம், களைத்துப்போய்க் கிடக்கும்போது உன்னை நினைக்க என்னால் முடியாது, ஆகவே "அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன்" என்றாரே. நல்ல நாட்களில் நீங்கள் சொல்லி வைத்தது இந்த நாட்களுக்கும் சேர்த்துத்தான்.

பரிகாரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருநள்ளாற்றுக்கோ ஆலங்குடிக்கோ போய் வாருங்கள், மனத்துக்கு நல்லது. பஸ் செலவும் அர்ச்சனைச் சீட்டும் போதும். கடன் வாங்கிப் பரிகாரம் செய்யாதீர்கள். துன்பத்தில் இருப்பவனிடம் பெரிய தொகை கேட்கிறவர் உங்கள் பயத்தை விலை பேசுகிறார் என்றே நான் நினைக்கிறேன். மதுரைக்குப் புறப்பட்ட சம்பந்தரிடம், இன்று கோள்கள் சரியில்லை, போக வேண்டாம் என்று அப்பர் தடுத்தது வேதாரணியத்தில்தான். அதற்குச் சம்பந்தர் கொடுத்த பதில்தான் "வேயுறு தோளிபங்கன்" என்று தொடங்கும் கோளறு பதிகம். இறைவன் என் உள்ளத்தில் இருக்கும்போது ஞாயிறு முதல் பாம்பு இரண்டும் உட்பட எல்லாக் கோளும் அடியாருக்கு நல்லவையே என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஆக மொத்தம் 11 பாட்டுகள். வீட்டிலேயே விளக்கேற்றிப் படிக்கலாம். யாருக்கும் தட்சிணை கொடுக்க வேண்டியதில்லை.

தூக்கம் வராததை மட்டும் கோயிலோடு விட்டுவிடாதீர்கள். சூலை நோயில், கடும் வயிற்றுவலியில், துடித்த அப்பர் தம் அக்கா திலகவதியாருக்குச் சொல்லி அனுப்பினார். வீட்டில் ஒருவரிடமாவது முழுக் கணக்கையும், கடன் தொகை உட்பட, சொல்லிவிடுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, போய்ப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும், எந்த நேரமானாலும் 14416 என்ற எண்ணுக்கு அழைத்துப் பேசுங்கள், கட்டணம் கிடையாது. மருத்துவரிடம் போவது நம்பிக்கைக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். கபிஸ்தலத்தில் கஜேந்திரன் கதையைச் சொல்லும்போது, யானை தன் முயற்சியை விட்ட பிறகே பெருமாள் வந்தார் என்பார்கள். அது ஆயிரம் ஆண்டுகள் முதலையோடு போராடியது என்பதையும், கூட்டத்து யானைகள் அதைக் கரைக்கு இழுத்துப் பார்த்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை உங்கள் ஊர்க் கோயிலில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போங்கள். சண்டை போடத் தோன்றினால் போடுங்கள், மெல்லிய குரலில் வாய்விட்டே சொல்லுங்கள். தோப்பில் எத்தனை மரம் போனது, அப்பா எப்படிப் போனார், வட்டி எவ்வளவு என்று ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். வார்த்தை வரவில்லையென்றால் சுந்தரர் வார்த்தையைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு வட்டி இல்லை. முடிந்தால் ஒருநாள் திருவாரூருக்கே போய் வாருங்கள். பேராவூரணியிலிருந்து பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி வழியாக ரயில் பாதை இருக்கிறது. மூலட்டானத்து வன்மீகநாதர் முன்னால் நின்று "மீளா அடிமை" பதிகத்தை முழுவதும் படியுங்கள். அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். கணவரை இழந்தவர், அவருக்கும் கேட்க வேண்டியது நிறைய இருக்கும்.